தெவ்யேவின் ஐந்து மகள்கள்



குடும்பமும் மரபும் என்ற தலைப்பைத் தந்து, அதற்குள் எந்த ஊரைப் பற்றியும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை கொடுத்தார்கள். நான் தேர்ந்துகொண்டது உக்ரைன் நாட்டுப்புறத்தில் பசுக்களை வைத்துப் பிழைத்த ஒரு யூதக் குடும்பத்தை. இது கதைக் குடும்பம். இத்திஷ் மொழியில் எழுதிய ஷோலம் அலேகெம் அதைப் படைத்தார். அவருடைய இயற்பெயர் சாலமன் ரபினோவிச். 1859இல் கீவ் நகருக்குத் தெற்கே பெரெயாஸ்லாவ் என்ற ஊரில் பிறந்தார், 1916இல் நியூயார்க்கில் இறந்தார். 1894இல் தொடங்கி 1914 வரை, விட்டு விட்டு, எட்டுக் கதைகளில் இந்தக் குடும்பத்தை எழுதினார். பால்காரர் தெவ்யே, அவர் மனைவி கோல்டே, அவர்களுடைய பெண்கள். எனக்கு ஏழு பெண்கள் என்று தெவ்யே சொல்லிக்கொள்கிறார். கதை கிடைத்தது ஐந்து பேருக்குத்தான்.

உங்களில் பலருக்கு இவரை வேறு வழியில் தெரிந்திருக்கும். 1964இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற இசை நாடகமும், 1971இல் நார்மன் ஜூயிசன் இயக்கிய அதே பெயர்ப் படமும் தெவ்யேவை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தன. நாடகத்தை இயக்கிய ஜெரோம் ராபின்ஸ், ஒத்திகைக்கு முன்பிருந்தே எழுத்தாளர்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்: இந்த நாடகம் எதைப் பற்றியது? ஒருநாள் அவர்களில் ஒருவர் மரபைப் பற்றியது என்று சொல்ல, அதிலிருந்து தொடக்கப் பாட்டு பிறந்தது. தந்தைக்கு ஒரு வேலை, தாய்க்கு ஒரு வேலை, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று ஊரே நின்று பாடும். பிறகு மூன்று மகள்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த மரபை உடைப்பார்கள். முதல் மகள் தரகர் வேண்டாம் என்கிறாள். இரண்டாமவள் தந்தையின் அனுமதி வேண்டாம், ஆசி போதும் என்கிறாள். மூன்றாமவள் மதத்தையே தாண்டிப் போகிறாள். இந்த ஏறுவரிசை நாடகத்துக்கு மிகப் பொருத்தமானது. நானும் அந்தப் படத்தை உருகிப் பார்த்தவன்.

ஆனால் மூலக் கதைகளில் இருப்பது இதுவன்று. அங்கே மரபு ஒரு பக்கமும் காதல் மறுபக்கமும் நின்று சண்டையிடவில்லை. மகளிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்வதே அங்கு மரபுதான். அதைக் கேட்கவிடாமல் செய்தவை பணமும் அரசின் சட்டங்களும். ஐந்து பெண்களில் தரகர் வைத்து, வசதியான இடத்தில், முறைப்படி முடித்துக் கொடுக்கப்பட்டவள் ஒருத்திதான். அந்தத் திருமணம்தான் தகப்பனை அடியோடு சாய்த்தது. அந்த மகளின் கதையை இசை நாடகம் விட்டுவிட்டது. அவளை இன்று உங்கள் முன் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதலில் இவர்கள் இருந்த இடம். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. மேற்கு, தென்மேற்கு மாகாணங்களை ஒரு வட்டாரமாக வரையறுத்து அதற்குள்தான் வாழ வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1791இல் உருவெடுத்த அந்த ஏற்பாடு 1917 புரட்சி வரை நீடித்தது. 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பேரரசில் யூதர்கள் 50 இலட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்ச் சந்தைகளிலும் நகரங்களிலும் தையல், செருப்பு, சில்லறை வணிகம் என்று பிழைத்தவர்கள். நிலத்தையும் மாட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். முதலாம் அலெக்சாண்டர் 1804இல் வெளியிட்ட சட்டம் யூதர்கள் உழவுக்கு வரலாம் என்றது. அதன்பின் தெற்கே கெர்சன் மாகாணத்துப் புல்வெளிகளில் யூத உழவர் குடியிருப்புகள் எழுந்தன. வறட்சியிலும் நோயிலும் முதல் தலைமுறையில் பலர் மடிந்தார்கள். தாக்குப் பிடித்தவர்கள் பயிர் செய்தார்கள். பிறகு 1881இல் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார், யூதர்கள்மீது கும்பல் தாக்குதல்கள் தொடங்கின. 1882 மே மாதம் புதிய விதிகள் வந்தன. யூதர்கள் நகருக்கும் சிற்றூருக்கும் வெளியே புதிதாகக் குடியேறக் கூடாது, அங்கே நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. தற்காலிக விதிகள் என்று பெயரிட்டு வந்த அவை 1917 வரை நிலைத்தன.

தெவ்யே இந்த விதிகளுக்கு நடுவே கிராமத்தில் வாழும் யூதர். அக்கம்பக்கத்தில் எல்லாரும் உக்ரைனியக் குடியானவர்கள். தொழுகைக்கும் கடைகண்ணிக்கும் அருகிலுள்ள அனத்தெவ்காவுக்குப் போக வேண்டும். முன்பு காட்டிலிருந்து மரக்கட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து கூலிக்கு இறக்கியவர். ஒரு மாலை, காட்டில் வழி தவறிய இரண்டு பணக்காரப் பெண்களைத் தன் வண்டியில் ஏற்றி வீடு சேர்த்தார். அதற்குப் பரிசாகப் பணமும் ஒரு பசுவும் கிடைத்தன. அந்தப் பசுவிலிருந்து பால்காரரானார். கறப்பது, தயிர் பிழிந்து பாலாடைக்கட்டி செய்வது, வெண்ணெய் கடைவது எல்லாம் கோல்டேவும் பெண்களும். கோடையில் போய்பெரிக் என்ற ஊரின் தோப்பு வீடுகளுக்குக் காற்றுவாங்க வரும் கீவ் நகரத்துச் செல்வர்களுக்குக் கொண்டுபோய் விற்பது இவர். கீவை இந்தக் கதைகள் யெகுபெட்ஸ் என்று அழைக்கின்றன. இந்தத் தொழில்தான் பிற்பாடு மகள்களின் திருமணங்களையெல்லாம் தீர்மானிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பால் விற்கப் போகிற வாசல்கள் செல்வர்களின் வாசல்கள். வரன்களும் வம்புகளும் அந்த வாசல்கள் வழியாகவே வந்தன.

அந்தச் சமூகத்தில் திருமணம் எப்படி நடந்தது? ஷாத்கன் எனப்படும் தரகர் ஊர் ஊராகப் போவார். கையில் வரன்களின் பட்டியல் இருக்கும். இரு வீட்டாரும் மூன்றைப் பார்ப்பார்கள். ஒன்று குலப்பெருமை. குடும்பத்தில் எத்தனை ரபிகள், எத்தனை சமயப் புலவர்கள். இரண்டாவது மாப்பிள்ளையின் படிப்பு. இது பட்டப் படிப்பன்று, யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூதில் பெற்ற கல்வி. மூன்றாவது பெண் வீட்டார் தரும் சீதனம். படித்த மாப்பிள்ளைக்குச் சீதனத்தோடு இன்னொன்றும் உண்டு. திருமணத்துக்குப் பின் சில ஆண்டுகள் மாமனார் வீட்டிலேயே உண்டு உறங்கி மறைநூல் படிக்கலாம். அந்தச் செலவு மாமனாருடையது. எல்லாம் பேசி முடிந்ததும் நிபந்தனைகளை எழுதிப் படித்து, இரு தாய்மாரும் சேர்ந்து ஒரு மண்தட்டை உடைப்பார்கள். அதுதான் நிச்சயதார்த்தம். தரகருக்குச் சீதனத்தில் ஒரு பங்கு போகும். ஏழைப் பெண்ணுக்குச் சீதனம் திரட்டிக் கொடுப்பது பெரிய அறமாகக் கருதப்பட்டது. அதற்கென்றே ஊர்தோறும் சங்கங்கள் இருந்தன. நம் அவையில் இதை விளக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் கேட்டால் பெண்ணுக்கு இதில் வாயே இல்லை என்று தோன்றும். நடைமுறையில் பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய மறைநூல் வேறு சொல்கிறது. தொடக்கநூலில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேட வேலைக்காரரை அனுப்புகிறார். அவர் கிணற்றடியில் ரெபெக்காவைப் பார்க்கிறார். தனக்குத் தண்ணீர் கேட்டால் ஒட்டகங்களுக்கும் சேர்த்து இறைத்து ஊற்றுகிறாள். ஆடுமாடு மேய்க்கும் குடும்பத்துக்கு ஏற்ற பெண் என்பதற்கு அதைவிட என்ன சோதனை வேண்டும்? பேச்சு முடிகிறது, நகைகள் கைமாறுகின்றன. ஆயினும் அவளை அனுப்புவதற்கு முன் பெண்ணை அழைத்து அவள் வாயாலேயே கேட்போம் என்கிறார்கள் வீட்டார். அவள் போகிறேன் என்கிறாள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் இந்த இடத்தில் ஒரு வரி எழுதினார். சம்மதமின்றிப் பெண்ணை மணமுடித்துத் தரக் கூடாது என்பதை இதிலிருந்து அறிகிறோம் என்பது அதன் கருத்து. தல்மூதும் இதே பக்கம். மகள் சிறுமியாக இருக்கும்போது தந்தை அவளை நிச்சயம் செய்யக் கூடாது, அவள் வளர்ந்து எனக்கு இவர்தான் வேண்டும் என்று சொல்லும்வரை பொறுக்க வேண்டும்.

அதே நூல் மரபு இன்னும் அழகான ஒன்றையும் பாதுகாத்திருக்கிறது. யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் பதினைந்தாம் நாள், எருசலேமின் பெண்கள் வெண்ணிற உடையணிந்து திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆடுவார்களாம். இளைஞர்களைப் பார்த்து, தலையை நிமிர்த்தி யாரைத் தேர்கிறாய் என்று பார் என அவர்களே கூவி அழைப்பார்களாம். எல்லா ஆடைகளும் இரவல் ஆடைகள். செல்வர் வீட்டுப் பெண்ணும் பிறரிடம் வாங்கித்தான் உடுத்த வேண்டும். இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக. திருமணச் சந்தையில் பணத்தின் கண்ணைக் கட்டிவிட வேண்டும் என்று நினைத்த இந்த மனத்தை நான் வியக்கிறேன்.

அப்படியானால் இந்த நெறி எங்கே தொலைந்தது? பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்த தோசஃபோத் உரைகாரர்கள் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஏன் சிறு பெண்களையே மணம் பேசி முடிக்கிறோம் என்றால், அயலார் ஆட்சியில் எங்கள் வாழ்வு நாளுக்கு நாள் கடினமாகிறது, இன்று கையில் சீதனம் இருக்கிறது, நாளை இருக்குமோ தெரியாது, அப்போது பெண் மணமாகாமலே நின்றுவிடுவாள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தமக்கு முந்தைய சட்டத்தை மீறுகிறோம் என்பதை அறிந்தே, ஒளிக்காமல், காரணத்தோடு எழுதினார்கள். மகளிடம் கேட்கும் வழக்கத்தை விழுங்கியது அச்சம். எப்போது பிடுங்குவார்கள், எப்போது துரத்துவார்கள் என்ற அச்சம். ஏழு நூற்றாண்டுகள் கழித்து, சார் மன்னர்களின் நாட்டில், தெவ்யேவின் வீட்டிலும் அதே அச்சம் மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

இனி மகள்கள். மூத்தவள் ட்ஸைட்டல். இவள் கதை 1899இல் வந்தது. அனத்தெவ்காவின் இறைச்சிக் கடைக்காரர் லேசர் வோல்ஃப் ஆளனுப்பித் தெவ்யேவைக் கூப்பிடுகிறார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உண்டு, வசதி உண்டு. தம் கறவை மாட்டைத்தான் விலைக்குக் கேட்கிறார் என்று தெவ்யே நினைத்துக்கொள்கிறார். அவர் மகளைப் பற்றிப் பேச, இவர் மாட்டைப் பற்றிப் பதில் சொல்ல, பேச்சு நெடுநேரம் போகிறது. சிரித்துக்கொண்டே படிக்கும் வாசகர், ஒரு வீட்டின் பெண்ணும் பசுவும் ஒரே பேரத்தில் கலந்துவிட்டதைச் சிரிப்பு அடங்கியபின்தான் உணர்வார். விஷயம் புரிந்ததும் லேசர் வோல்ஃப், சீதனமே வேண்டாம், உங்கள் பைக்கும் ஏதாவது வரும் என்கிறார். தெவ்யேவுக்குச் சுருக்கென்று படுகிறது. கசாப்புக் கடைப் பேச்சு பேசாதே, என் பெண் விற்பனைக்கில்லை என்கிறார். ஏழைத் தகப்பனின் அந்தக் கோபம் எனக்கு மிக முக்கியம். ஆனாலும் அவர் உடன்படுகிறார். பெண் பட்டினி கிடக்காமல் இருப்பாள் என்ற ஒரே எண்ணம். கோல்டேவுக்கும் மகிழ்ச்சி.

மறுநாள் ட்ஸைட்டல் அழுகிறாள். எங்கேயாவது கூலி வேலைக்குப் போகிறேன், மண் சுமக்கிறேன், இந்தக் கல்யாணம் மட்டும் வேண்டாம் என்கிறாள். தெவ்யே ஒரு சொல்லும் எதிர்க்கவில்லை. வேண்டாமென்றால் வேண்டாம், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அங்கேயே விட்டுவிடுகிறார்.  கதையில் அது ஒரு மூச்சில் முடிகிறது. மரபைக் கற்ற தகப்பன் ஆதலால், மகளின் மறுப்பே சட்டம் என்று அவருக்குத் தெரியும். இதற்குள் ஏழைத் தையற்காரன் மோட்டல் வந்து, தனக்குத் தானே தரகராகப் பெண் கேட்கிறான். இருவரும் ஓராண்டுக்கு முன்பே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள். மாப்பிள்ளை, சம்பந்தி, தரகர் எல்லாம் நீயேதானா என்று தெவ்யே திகைக்கிறார். அந்தத் திகைப்பிலேயே சம்மதமும் இருக்கிறது.

கோல்டேவிடம் எப்படிச் சொல்வது? நடுராத்திரியில் அலறி எழுந்து ஒரு கனவை இட்டுக்கட்டுகிறார். கோல்டேவின் பாட்டி கல்லறையிலிருந்து எழுந்து வந்து தையற்காரனை வாழ்த்தினாள், லேசர் வோல்ஃபின் செத்துப்போன மனைவியோ வந்து கழுத்தை நெரிக்கப் பார்த்தாள் என்று. முன்னோர் சொல்லிவிட்டார்கள், அதற்குமேல் கோல்டே என்ன பேச முடியும்? புதியதைச் செய்ய மரபின் வாயையே இரவல் வாங்குகிறார் தெவ்யே. இரண்டாம் மகள் ஹோடல், பெர்ச்சிக் என்ற புரட்சிக்கார இளைஞனை மணக்கிறாள். திருமணம் முடிந்தவுடனே அவன் போய்விடுகிறான். கோல்டேவிடம் தெவ்யே இன்னொரு கதை கட்டுகிறார்: மாப்பிள்ளைக்குப் பணக்கார அத்தையின் சொத்து வருகிறதாம், அதை வாங்கப் போகிறானாம். உண்மையில் அவன் கைதாகித் தொலைதூரத்துக்கு அனுப்பப்படுகிறான், ஹோடல் பின்னாலேயே போகிறாள். அவளை ரயிலேற்றிவிட்டு வருகிற தகப்பனின் மனம் உடைகிறது. ஆனால் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். அது கடைசிவரை போகவில்லை.

மூன்றாமவள் ஹாவா. இவள் கதை 1906இல் வந்தது, முந்தைய ஆண்டின் புரட்சியும் யூதர்கள்மீதான தாக்குதல்களும் நினைவில் ஆறாத காலம். ஹாவா, கிராமத்து எழுத்தர் ஹ்வெத்காவை விரும்புகிறாள். அவன் கிறித்தவன். ரஷ்யச் சட்டத்தில் அப்போது மதம் கடந்த பதிவுத் திருமணம் கிடையாது. அவனை மணக்க வேண்டுமானால் அவள் ஞானஸ்நானம் பெற்றாக வேண்டும். அவள் பாதிரியார் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். இந்த இடத்தில் நாம் நிதானமாக இருக்க வேண்டும். தெவ்யே குறுகிய மனத்தால் மகளைத் துறந்தார் என்று சொல்வது எளிது. ஆனால் யூதராக இருப்பதற்காகவே அடிக்கப்படும் ஒரு சமூகத்தில், அடிப்பவர்களின் மதத்துக்குப் போவது வெறும் மனப்பொருத்தச் செய்தி ஆகாது. மணமக்கள் சமமான இரண்டு நிலங்களிலிருந்து வரவில்லை. ஒருபுறம் காவலரும் கோயிலும் சட்டமும், மறுபுறம் ஒரு பால்காரர்.

தெவ்யே மகளை இறந்தவளாகக் கருதித் துக்கம் காக்கச் சொல்கிறார். ஒருநாள் காட்டு வழியில் ஹாவா வண்டியை நிறுத்துகிறாள், அப்பா, ஒரு வார்த்தை என்று கெஞ்சுகிறாள். அவர் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். போகும்போதே மனத்துக்குள் கேள்விகள் எழுகின்றன. யூதர் என்றும் யூதரல்லாதார் என்றும் ஏன் ஆனது? ஆண்டவன் ஏன் இருவரையும் படைத்து இப்படிப் பிரித்து வைத்தான்? நூல்களில் தனக்கு விடை கிடைக்கவில்லையே என்று தவிக்கிறார். மகள் செய்ததை ஏற்கவும் முடியாமல், தான் செய்ததைச் சரி என்று சொல்லவும் முடியாமல் நிற்கும் அந்தத் தகப்பனை, எட்டுக் கதைகளிலும் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

மகள்களின் கதையை நாடகம் இங்கே நிறுத்திவிடுகிறது. அடுத்த இருவரைப் பாருங்கள்.

நான்காமவள் ஷ்பிரின்ட்ஸே. போய்பெரிக்கில் கோடைக்கு வந்திருந்த பணக்கார விதவை ஒருத்தியின் மகன் அரோன்சிக். ஷவுவோத் திருநாளில் பால் பண்டங்கள் உண்பது யூதர் வழக்கம். பால்காரர் வீட்டில் அன்று பண்டங்களுக்குக் குறைவில்லை. பாலாடை அடைத்த அப்பம் சாப்பிட வாருங்கள் என்று தெவ்யேதான் அவனையும் நண்பர்களையும் அழைத்தார். அவன் வந்தான், ஷ்பிரின்ட்ஸேயைப் பார்த்தான், மனம் பறிகொடுத்தான், மணக்கிறேன் என்றான். இருவரும் யூதர்கள். சாதி தடையில்லை, மதம் தடையில்லை, பெண்ணின் விருப்பமும் பையனின் விருப்பமும் ஒன்று. மரபில் இதற்கு எதிராக ஓர் எழுத்தும் கிடையாது. ஆனால் பையனின் மாமா தெவ்யேவை அழைத்து, இந்தப் பேச்சை விட்டுவிட என்ன விலை வேண்டும் என்று கேட்கிறார். பெண்ணைக் காட்டிப் பணம் பறிக்கத் திட்டமிட்டவன் என்றே அவரை நினைத்துவிட்டார்கள். குடும்பம் ஒரே நாளில் மூட்டை கட்டிப் போய்விடுகிறது. ஷ்பிரின்ட்ஸே ஆற்றில் விழுந்து உயிர் விடுகிறாள். இங்கே மரபை யார் உடைத்தார்கள்? அந்தச் செல்வக் குடும்பம்தான். இரவல் வெள்ளாடையில் ஆடிய பெண்களின் மரபை, ஏழைப் பெண்ணுக்கு உதவுவதே பேரறம் என்ற மரபை.

ஐந்தாமவள் பெய்ல்கே. இதற்குள் கோல்டே இறந்துவிட்டாள். தெவ்யே தளர்ந்துவிட்டார். எஃப்ரயீம் என்ற தரகர், பொதோட்ஸுர் என்ற ஒப்பந்தக்காரரின் வரனைக் கொண்டுவருகிறார். ரஷ்ய ஜப்பானியப் போரில் படைக்குப் பொருள் கொடுத்துத் திடீரென்று பணக்காரரானவர். தரகர் வந்தார், பெண்ணிடம் கேட்டார்கள், பெண் சரி என்றாள். ராஷி எழுதிய சம்மதமும் இருக்கிறது. இனி என்ன குறை? தகப்பன் முதுமையில் வெயிலிலும் பனியிலும் வண்டியோட்டிப் பால் விற்கக் கூடாது என்பதற்காக அவள் சரி என்றாள். தெவ்யேவுக்கு இது தெரிகிறது. ஹோடல் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்கிறார். அதற்கு அவள் சொல்லும் பதில் என்னை உலுக்கியது. அக்காவோடு என்னை ஒப்பிடாதீர்கள், அவள் காலத்தில் உலகமே மாறப் போகிறதென்று எல்லாரும் உலகத்தை நினைத்துத் தங்களை மறந்தார்கள், இப்போது உலகம் பழையபடியே இருக்கிறது, அவரவர் தம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் பேசுகிறாள். 1905 புரட்சி தோற்றுப்போன பிறகு வளர்ந்த தலைமுறையின் குரல் அது.

மாளிகையில் மருமகனுக்கு மாமனாரின் தொழில் வெட்கமாக இருக்கிறது. பாலாடைக்கட்டி விற்பவர் மாமனார் என்று யாராவது கேள்விப்பட்டால்? ஆகவே தெவ்யேவைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்கிறார். புனித பூமி, எத்தனை பேர் கனவு காணும் இடம் என்று பெருமையாகச் சொல்லித்தான். தெவ்யே மகளுக்காக ஒத்துக்கொள்கிறார், குதிரையை விற்கிறார், தொழிலை விடுகிறார். தகப்பனுக்காக மகள் தன்னைக் கொடுத்தாள், மகளுக்காகத் தகப்பன் தன் ஊரைக் கொடுத்தார். இருவரும் அன்பினால் செய்தார்கள், இருவருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. பிற்பாடு பொதோட்ஸுர் நொடித்துப்போய், இருவரும் அமெரிக்காவில் காலுறைத் தொழிற்சாலையில் கூலிக்கு உழைக்கிறார்கள். சம்மதம் கேட்டால் போதும் என்று நினைக்கிற நம் எல்லாருக்கும் பெய்ல்கே ஒரு தடங்கல். தகப்பனின் கிழிந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் சொல்லும் சரி, எந்த அளவுக்கு அவளுடையது?

இவர்கள் இருவரின் கதைகளையும் இசை நாடகம் எடுத்துக்கொள்ளாததற்கு நேரம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். 1960களின் அமெரிக்காவுக்கு, பழையது வழிவிட இளையோர் தம் விருப்பப்படி வாழப் போகிறார்கள் என்ற கதை பிடித்தது. பணம் இன்னும் பலமாக அங்கேயே நிற்கிறது என்பதை நான்காம் ஐந்தாம் மகள்கள் சொல்லிவிடுவார்கள். நாடகம் ஒன்றைக் கூட்டியும் தந்தது என்பதை மறுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பின் தெவ்யே மனைவியிடம் என்மேல் அன்பிருக்கிறதா என்று கேட்கும் பாடல் மூலத்தில் இல்லை. கல்யாண நாளில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட இருவர், கறந்ததையும் சமைத்ததையும் துவைத்ததையும் எண்ணிப் பார்த்து, அதற்குப் பெயர் அன்புதானோ என்று தயங்கும் அந்தக் காட்சி, ஏற்பாட்டுத் திருமணங்களில் மலர்ந்த எத்தனையோ வாழ்வுகளுக்குச் செய்த நியாயம். ஷோலம் அலேகெம் கோல்டேவுக்கு இவ்வளவு இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கடல் தாண்டியும் இப்படிப்பட்ட குடும்பங்கள் போயின. 1889 ஆகஸ்டில் வெசர் என்ற கப்பலில் ரஷ்யாவிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் அர்ஜென்டினாவில் இறங்கினார்கள். சாண்டா ஃபே மாகாணத்தில் மோயிசெஸ் வியே என்ற உழவர் ஊரை எழுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் மோரிஸ் டி ஹிர்ஷ் பிரபு பெரும் பொருள் கொடுத்து ஒரு குடியேற்றச் சங்கத்தை நிறுவினார், பக்கத்து மாகாணத்திலும் ஊர்கள் எழுந்தன. அங்கே வளர்ந்த அல்பெர்த்தோ கெர்சுனோஃப் 1910இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட ‘யூத கௌச்சோக்கள்’ என்ற கதைத் தொகுப்பில் ஒரு கல்யாணக் கதை உண்டு. பணக்கார உழவர் வீட்டுப் பையனுக்கு ஓர் ஏழைப் பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்கள். குடியேற்றமே கூடி விருந்துண்ணும் இரவில், மணப்பெண் தான் விரும்பியவனோடு குதிரை வண்டியில் ஓடிவிடுகிறாள். ஊர் கொதிக்கிறது. ஆனால் சமயப் பெரியவர்கள் கூடிப் பேசி, சட்டப்படி மணவிலக்கு வாங்கி வழி செய்கிறார்கள். ரஷ்யாவில் ஷ்பிரின்ட்ஸேக்கு ஆறுதான் மிஞ்சியது. அர்ஜென்டினாவில் அதே வறுமைப் பெண்ணுக்கு ஒரு வண்டியும் ஒரு திறந்த வெளியும் கிடைத்தன. அதே மறைநூல், அதே சடங்கு, அதே தட்டு உடைப்பு. மாறியது காலுக்குக் கீழிருந்த நிலம். சொந்தமாக உழ நிலம் இருந்ததால் சீதனத்தின் பிடி தளர்ந்தது என்பது என் வாசிப்பு.

எட்டாவது கதை 1914இல் வந்தது. மோட்டல் நோயில் இறந்துவிட்டான். ட்ஸைட்டல் பிள்ளைகளோடு தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? பாலஸ்தீனப் பயணம் அதோடு நின்றது. பிறகு காவல் அதிகாரி வந்து, மூன்று நாளில் கிராமத்தைக் காலி செய் என்கிறார். என் பாட்டன் காலத்திலிருந்து இங்கே இருக்கிறோமே என்று தெவ்யே சொல்லிப் பார்க்கிறார். பயனில்லை. சாமான் கட்டும்போது ட்ஸைட்டல் தகப்பனிடம் வந்து, ஹாவா திரும்பிவிட்டாள், கணவனை விட்டுவிட்டாள், நம்மோடு வரப் போகிறாள் என்கிறாள். ஹாவா வாசலில் வந்து நிற்கிறாள். அவர் என்ன செய்தார் என்று தெவ்யே சொல்வதில்லை. வழக்கமாக எழுத்தாளரிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வருபவர், பானி ஷோலம் அலேகெம், என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறார். பானி என்றால் அந்தப் பக்கத்து மரியாதைச் சொல், ஐயா என்பது போல.

அவர் ஏற்றுக்கொண்டார் என்றே நான் படிக்கிறேன். துரத்தப்படுகிறவர்களோடு சேர்ந்து துரத்தப்படத் துணிந்து வந்தவளை மீண்டும் விட்டுவிட்டுப் போக அவரால் முடிந்திருக்காது. ஆனால் இந்த முடிவில் என் மகிழ்ச்சி முழுமையாக இல்லை. மகள் திரும்பி வருவதற்கு ஒரு மணவாழ்க்கை முறிய வேண்டியிருந்தது. ஹ்வெத்கா எப்படிப்பட்ட கணவன், அவள் அவனை விட்டு வந்தது விரும்பியா வேறு வழியின்றியா என்பதைக் கதை நமக்குச் சொல்வதில்லை. ஷோலம் அலேகெம் அவளுக்கென்று ஒரு கதை எழுதி, அவளையே பேசவிட்டிருக்கலாம். ஐந்து பெண்களையும் நாம் அறிவது தகப்பனின் வாய்வழியாகத்தான். மாணவிகளில் எவரேனும் எழுதுகிறவராக இருந்தால் சொல்கிறேன், இந்தக் கதைகளில் ஹாவாவின் பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது.